கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குழந்தையைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது வேலைக்கென்று வெளியூர் போன கணவர் திரும்பி வரவில்லை. மகள் பிறந்த பிறகு எனக்கு மனசு சரியில்லாமல் போய், அரசு மருத்துவமனையில் மாத்திரை சாப்பிட்டேன். அம்மாவும் அப்போது படுத்த படுக்கை. கணவரின் பெரியப்பா மகனும் அவர் மனைவியும் பவானிப் பக்கம் இருக்கிறார்கள், பிள்ளை இல்லை. மாமா, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "நீ தேறி வரும்வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று 5 மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 100 ரூபாய் பத்திரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நோட்டரி முத்திரை இருக்கிறது. என் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 40,000 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு வருடம் மாதாமாதம் பால் பவுடருக்கு 1,000 ரூபாய் ஜி-பேயில் அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது மகளுக்கு 3 வயது 10 மாதம். எட்டு மாதமாக வாசல் ஏற விடவில்லை. திருப்பிக் கேட்டதற்கு, சட்டப்படி தத்துக் கொடுத்தாகிவிட்டது என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 3 லட்சம் வளர்ப்புச் செலவு கொடுத்தால் பேசிப் பார்க்கலாம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். போலீஸுக்குப் போகலாமா? அங்கன்வாடியிலிருந்து கூட்டி வந்துவிடலாமா? அவள் அந்த அக்காவைத்தான் அம்மா என்கிறாள்.

பதில்:

சகோதரி, அந்தப் பத்திரம் உங்களிடமிருந்து மகளைப் பறித்துவிடவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் பத்திரம் செல்லாது என்று ஆகிவிட்டால் மகள் தானாக வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றும் நினைத்துவிடாதீர்கள். பத்திரம் என்னவென்று பார்ப்பது ஒரு விசாரணை. குழந்தை எங்கே இருந்தால் நல்லது என்று பார்ப்பது வேறொரு விசாரணை. முதலாவதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. இரண்டாவதில், நீங்கள் அவளைப் பார்க்காமல் கழியும் ஒவ்வொரு மாதமும் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் போகிறது. அதனால் "மகளைக் கொடு" என்பதைவிட "மகளைப் பார்க்க விடு" என்பதுதான் உங்கள் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். நான்காம் வரியில், "குழந்தையை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பை ஒப்படைக்கிறேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று இருக்கிறது. தத்து என்ற சொல் பத்திரத்தில் எந்த இடத்திலும் இல்லை. கீழே உங்கள் கையெழுத்து, அவர்கள் இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். உங்கள் கணவரின் கையெழுத்து இல்லை. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு எண்ணும் இல்லை. இந்த மூன்று இல்லாமைகளும் உங்களுக்குப் பெரிய பலம்.

இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956இன்படி, தாயோ தந்தையோ குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம். ஆனால் மற்றவர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். அவர் துறவியாகிவிட்டாலோ, மதம் மாறியிருந்தாலோ, மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தாலோ மட்டும்தான் விலக்கு. விட்டுவிட்டு ஓடிப்போனது இந்தப் பட்டியலில் வராது. ஆக, உங்கள் கணவரின் சம்மதம் இல்லாமல் நீங்கள் தனியாகக் கொடுத்தது தத்து ஆகாது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. "அவன் போனில் சரி என்றான்" என்று அவர்கள் சொல்லக்கூடும். சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். அடுத்தது, தத்து என்றால் கொடுப்பதும் வாங்குவதும் தத்து என்ற எண்ணத்தோடே நடந்திருக்க வேண்டும். தேறி வரும்வரை பார்த்துக்கொள்கிறோம் என்று வாங்கிப் போனதும், பிறகு இரண்டு வருடம் நீங்கள் பால் பவுடருக்குப் பணம் அனுப்பியதும் அந்த எண்ணத்துக்கு நேர் எதிரானவை. தத்துக் கொடுத்துவிட்ட குழந்தைக்கு யாரும் மாதாமாதம் பால் பவுடர் காசு அனுப்ப மாட்டார்கள். பதிவு செய்த தத்துப் பத்திரம் இருந்தால் தத்து முறையாக நடந்ததென்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். பதிவு இல்லாத உங்கள் பத்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நோட்டரி முத்திரை, இன்னார் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் முறையாக நடந்த தத்தாக இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அதே சட்டம், செல்லுபடியாகும் தத்தைப் பிறகு யாராலும் ரத்து செய்ய முடியாது என்கிறது. மனசு மாறிவிட்டது என்பது அங்கே எடுபடாது.

"எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரிதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. நூறு வருடத்துக்கு முன்பு சென்னை அடையாறில் இதே மாதிரி ஒரு தகராறு நடந்தது. பிரம்மஞான சபையில் இருந்த நாராயணய்யா 1910இல் தன் இரண்டு மகன்களின் பொறுப்பை எழுத்து மூலமாக அன்னி பெசன்ட்டிடம் ஒப்படைத்தார். மூத்தவர்தான் பின்னாளில் உலகறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. பிறகு மனம் மாறி, பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1914இல் சொன்னது இன்றைக்கும் வழிகாட்டுகிறது. பெற்றவருக்குள்ள காப்பாளர் பொறுப்பு, நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு புனிதக் கடமை போன்றது. பிள்ளையை வளர்க்கவும் படிக்கவைக்கவும் இன்னொருவரிடம் விடலாம், ஆனால் அந்தப் பொறுப்பை அடியோடு எழுதிக் கொடுத்துவிட முடியாது. கொடுத்ததைத் திரும்பப் பெறலாம், குழந்தையின் நலன் குறுக்கே நிற்காதவரை. இவ்வளவு சொல்லியும் அந்தத் தந்தை தோற்றார். பிள்ளைகள் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர் போட்ட வழக்கின் வகையும் தவறு, போட்ட இடமும் தவறு. சரியான கோரிக்கையைத் தவறான கதவில் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

உங்கள் கதவு எது? காப்பாளர் மற்றும் காப்புப் பொறுப்பிலுள்ளோர் சட்டம் 1890இன் கீழ் போடும் மனு. நீதிமன்ற வட்டாரத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் போட வேண்டும். நீங்கள் திருப்பூரில் இருந்தாலும் மகள் பவானியில் இருப்பதால் ஈரோடு மாவட்டத்தில்தான் மனு. திருப்பூரில் போட்டால், அதிகார எல்லை இல்லை என்ற ஆட்சேபத்திலேயே மாதங்கள் ஓடிவிடும். மனுவில் அந்தத் தம்பதியோடு உங்கள் கணவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவரை விட்டுவிட்டால் பின்னால் அதையே ஓட்டையாகக் காட்டுவார்கள். முகவரி தெரியாவிட்டால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பி, அது திரும்பி வந்த பிறகு நாளிதழில் விளம்பரம் கொடுக்க அனுமதி கேட்கலாம். தந்தைதான் முதல் இயற்கைக் காப்பாளர் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதே என்று யாராவது சொன்னால், 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பதிலாக இருக்கிறது: தந்தை இல்லாதபோது, அதாவது அவர் குழந்தையைக் கவனிக்காமல் விட்டிருந்தாலும், தாயே இயற்கைக் காப்பாளர்.

ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956ஆம் வருட இந்து இளையோர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. மகளுக்கு ஐந்து முடிய இன்னும் 14 மாதம் இருக்கிறது. "சாதாரணமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள், அது கட்டாயமில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. இருந்தாலும் இந்த 14 மாதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல காலம், அதற்குள் மனு கோப்பில் ஏறியிருக்க வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. நடந்ததாகச் சொல்லும் தத்து செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு வழக்குப் போட, அது தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் காலக்கெடு. கையெழுத்துப் போட்ட அன்றே உங்களுக்குத் தெரியும், அதனால் கெடு முடிந்துவிட்டது என்று அவர்கள் வாதிடுவார்கள். தத்து என்ற பேச்சே இந்த நோட்டீஸில்தான் முதலில் வந்தது என்பது உங்கள் பதில். ஆகவே நோட்டீஸ் வந்த தபால் உறையைப் பத்திரமாக வையுங்கள், அதில் தேதி முத்திரை இருக்கிறது.

அந்த நோட்டீஸுக்கு உடனே பதில் போக வேண்டும். ஒரு பக்கம் போதும். தத்து நடக்கவில்லை, உடல்நலம் தேறும்வரை தற்காலிகமாக விட்டதுதான், தொடர்ந்து பணம் அனுப்பினேன், பார்த்து வந்தேன், எட்டு மாதமாகத் தடுக்கிறார்கள், வாரம் ஒரு முறை பார்க்க அனுமதிக்கக் கோருகிறேன். மிரட்டல் சொல் ஒன்றுகூட வேண்டாம். நாளைக்கு நீதிபதி படிக்கப்போகிற காகிதம் அது.

போலீஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "என்னைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள்" என்ற அளவில் மனு கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பதில் தவறில்லை. ஆத்திரத்தில் "காசு கொடுத்துக் குழந்தையை வாங்கிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உண்மையில் அப்படி நடக்கவும் இல்லை. எழுதினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 81ஆம் பிரிவில் 5 வருடம் வரை கடுங்காவல் கிடைக்கும் குற்றம். வாங்கியவருக்கு உள்ள அதே தண்டனைதான் கொடுத்தவருக்கும். 2019இல் ராசிபுரம் குழந்தை விற்பனை விவகாரம் வெடித்து சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை போன பிறகு, குழந்தையோடு பணம் என்ற சொல் சேர்ந்து வந்தாலே காவல் துறை வேறு கண்ணோடுதான் பார்க்கிறது. அப்படியொரு புகாரில் குழந்தையை மீட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அங்கிருந்து அவள் உங்கள் வீட்டுக்கும் வராமல், அவர்கள் வீட்டுக்கும் போகாமல், விசாரணை முடியும்வரை ஒரு காப்பகத்தில் இருக்க நேரலாம். நாலு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு அந்த ராத்திரிகளை நாம் உண்டாக்கிக் கொடுக்க வேண்டாம்.

அந்த 40,000 ரூபாயை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்கவே கூடாது. எதிர்த்தரப்பு சொல்லி அவர் தெரிந்துகொள்வதுதான் ஆபத்து. ஆஸ்பத்திரி பில்லின் தொகையும் தேதியும் அந்தப் பணத்தோடு ஒத்துப்போனால், அது மருத்துவ உதவி என்பது மனுவில் நீங்களே சொல்லிக்கொள்ளும் சாதாரண விஷயமாகிவிடும். 3 லட்சம் பேச்சுக்கு மட்டும் உட்காராதீர்கள். "பணத்தைக் கட்டினேன், பிள்ளையைக் கூட்டி வந்தேன்" என்று ஊரில் ஒரு காகிதம் எழுதப்பட்டால், குழந்தைக்கு விலை வைத்ததாக இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். ஊர்ப் பெரியவர்கள் நல்ல மனதோடு பேசுகிறார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பார்க்க வழி செய்யச் சொல்லுங்கள். அவர்களால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

அங்கன்வாடி வாசலிலிருந்து தூக்கி வருவதை மறந்துவிடுங்கள். பெற்ற தாய் மேல் கடத்தல் வழக்கு கடைசிவரை நிற்காமல் போகலாம். ஆனால் எட்டு மாதமாகப் பார்க்காத ஒருவர் திடீரென்று வந்து தூக்கினால் அந்தக் குழந்தைக்கு அது கடத்தல்தான். அவள் அலறியதை அங்கன்வாடிப் பணியாளர் வந்து சாட்சி சொன்னால், உங்கள் பத்திர வாதம் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால் சீக்கிரம் முடியும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வழி இருக்கிறது. 2019இல் தேஜஸ்வினி கவுட் வழக்கில், தாய் இறந்த பிறகு சித்தி வீட்டில் இருந்த குழந்தையை ஆட்கொணர்வு மனு வழியாகத் தந்தை பெற்றதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2024 செப்டம்பரில் சோம்பிரபா ராணா வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், தாய்வழி உறவினரிடம் வளர்ந்த இரண்டரை வயதுப் பெண் குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைத்த உயர் நீதிமன்ற ஆணையை ரத்து செய்தது. குழந்தையை ஒரு பொருள்போலக் கைமாற்ற முடியாது, பழகிய இடத்திலிருந்து பிரிப்பதால் அதற்கு என்ன ஆகும் என்று பார்த்தாக வேண்டும், அதைக் காப்பாளர் சட்டத்தின் கீழ் விசாரிப்பதே சரி என்றது. நீங்களாக விட்டு வந்து மூன்றரை வருடம் ஆகப்போகும் நிலையில், உங்கள் மனுவும் "குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று திரும்பவே வாய்ப்பு அதிகம். என் கருத்தில் அதற்கு அலைவது வீண்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, ஆதார் நகல் வைத்துக் கொடுத்தால் போதும், வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்கு ஈரோட்டில் நடக்கும் என்பதால் அங்குள்ள ஆணைக்குழுவிலேயே கேளுங்கள்.

பிரதான மனுவோடு அதே நாளில் அந்த 1890ஆம் வருடச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் இடைக்கால மனு ஒன்றும் போக வேண்டும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பிரதான வழக்கு வருடக் கணக்கில் நீளக்கூடும். இடைக்கால ஆணை கிடைத்தால்தான் அதுவரை மகள் முகத்தைப் பார்க்க முடியும். எடுத்த எடுப்பில் முழுப் பொறுப்பையும் இடைக்காலமாகக் கேட்காதீர்கள். படிப்படியான திட்டம் ஒன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு மாதம் சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம், நீதிமன்றக் குழந்தைகள் அறையிலோ ஆலோசகர் முன்னிலையிலோ. அடுத்த இரண்டு மாதம் காலை முதல் மாலை வரை வெளியே. பிறகு ஓர் இரவு தங்கல், அதன்பின் வாரக் கடைசி முழுதும். குழந்தையின் மனதை யோசித்துக் கேட்கிற தாயா, ஜெயிப்பதற்காகக் கேட்கிற தாயா என்பது இந்த ஒரு தாளிலேயே நீதிபதிக்குத் தெரிந்துவிடும்.

சான்றுகளில் முதலாவது, வங்கிக் கிளையில் முத்திரையோடு வாங்கும் கணக்கு அறிக்கை. அந்த 1,000 ரூபாய் வரிகள் ஒவ்வொன்றும் உங்களுக்காகப் பேசும். வாட்ஸ்அப்பில் "பாப்பா தூங்குறா, அப்புறம் பேசு" என்ற மாதிரிக் குரல் செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று இணைக்க வேண்டும். வழக்கறிஞர் தயார் செய்வார், மூலப் போன் உங்களிடம் இருக்க வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் புதுப் பிரதி ஒன்று எடுங்கள். அவர்கள் வேறு பெயரில் இன்னொரு பிறப்புப் பதிவு செய்திருக்கிறார்களா, குழந்தையின் நீல ஆதாரில் யார் பெயர் இருக்கிறது, ரேஷன் அட்டையில் மகள் என்று சேர்த்திருக்கிறார்களா என்பவற்றை நீங்கள் அலைந்து தேட வேண்டாம். ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு நீதிமன்றத்தையே கேட்கலாம். நீங்கள்தான் பெற்றவர் என்பதை அவர்கள் மறுத்தால் மட்டும் மரபணுப் பரிசோதனை. அதுவும் நீதிமன்ற ஆணையின் பேரில்தான், தனியார் ஆய்வகத்தில் நீங்களாகச் செய்வது உதவாது.

இனி உங்கள் வீடு. நீதிமன்றம் கேட்டால் நன்னடத்தை அலுவலரோ குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளரோ வந்து பார்ப்பார்கள். ஓட்டு வீடா மாடி வீடா என்பதற்காக வருவதில்லை. நீங்கள் ஷிப்ட்டில் இருக்கும்போது பிள்ளை யாரிடம் இருப்பாள், ஓவர்டைம் நாளில் யார் அங்கன்வாடியிலிருந்து கூட்டி வருவார், காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, இவைதான் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயரோடு பதில் வைத்திருங்கள். உங்கள் அம்மா இப்போது எழுந்து நடக்கிறார் என்றால் அவர் வீட்டில் இருப்பது நல்ல பதில். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இ.எஸ்.ஐ. அட்டையில் மகள் பெயரைச் சேர்க்க இப்போதே விண்ணப்பியுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு மாத்திரை சாப்பிட்டதை மறைக்க நினைத்திருப்பீர்கள். மறைக்காதீர்கள். அவர்கள் அதைக் "கிறுக்கு" என்ற வார்த்தையில் சொல்வதற்கு முன் நீங்கள் மருத்துவர் சீட்டோடு சொல்லிவிட வேண்டும். பிள்ளை பெற்ற பின் வரும் மனச்சோர்வு சிகிச்சையில் குணமாகிற நோய், நீங்கள் சிகிச்சை எடுத்துத் தேறியிருக்கிறீர்கள். அதே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இப்போது ஒரு முறை காட்டி, தற்போதைய நிலை பற்றிய சான்று வாங்குங்கள். பத்திரத்தில் எந்த நிலையில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதற்கும் அந்தப் பழைய ஓ.பி. சீட்டுகளே சாட்சி.

சந்திப்பு ஆணை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் சனிக்கிழமை அவள் உங்களிடம் வர மாட்டாள். அந்த அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிவாள். கையை நீட்டிக் கூப்பிடாதீர்கள், அழாதீர்கள். தரையில் உட்காருங்கள். ஒரு சின்னத் தகர டப்பாவில் நாலு கலர் பொத்தான்கள், உங்கள் கம்பெனித் துணி வெட்டல்கள், அப்படி ஏதாவது கொண்டு போய், அவளைப் பார்க்காமல் நீங்கள் பாட்டுக்கு அடுக்குங்கள். அரைமணி நேரத்தில் ஒரு விரல் வந்து ஒரு பொத்தானை நகர்த்தும். அன்றைக்கு அது போதும். அடுத்த வாரமும் அதே டப்பா, முடிந்தால் அதே நிறச் சேலை. பெரிய பொம்மை வாங்கிப் போய்ப் போட்டி போடாதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் நம்புவது மாறாமல் திரும்பத் திரும்ப வருவதைத்தான். ஒரு சனிக்கிழமைகூடத் தவறக் கூடாது. பஸ் கிடைக்கவில்லை என்று ஒரு முறை தவறினால் அவளிடத்திலும் வழக்கிலும் சேர்ந்தே பின்னுக்குப் போவீர்கள்.

"அவங்க உன் அம்மா இல்ல, நான்தான் அம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு அந்த அக்கா அம்மாதான். ஒரு அம்மாவைப் பிடுங்கிவிட்டு இன்னொரு அம்மாவைக் கொடுக்க முடியாது. "நானும் உனக்கு அம்மாதான்" என்று சொல்லும் நாள் வரும். அதை எப்போது, எப்படிச் சொல்வது என்று நீதிமன்ற ஆலோசகரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவள் உங்களை அத்தை என்றோ சித்தி என்றோ கூப்பிட்டால் திருத்த வேண்டாம், அந்தப் பெயரிலேயே திரும்பிப் பாருங்கள்.

அந்த அக்கா உங்களுக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். அவர் செய்தது தப்புதான், உங்களைத் தடுக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனாலும் மூன்று வருடம் ராத்திரி கண் விழித்தவர் அவர். மகள் எந்தப் பாட்டுக்குத் தூங்குவாள், எந்தக் காய் போட்டால் துப்புவாள், எந்தத் துண்டைக் கட்டிக்கொண்டால்தான் கண் மூடுவாள் என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். இரவு தங்கல் தொடங்குவதற்கு முன் இந்த விவரங்களையும் தடுப்பூசி அட்டையையும் தரச் சொல்லி ஆணையிலேயே கேளுங்கள். அந்தப் பழைய துண்டைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள், அதிலிருக்கும் வாசனைதான் முதல் ராத்திரிக்கு மருந்து. வந்த புதிதில் படுக்கையை நனைப்பாள், சாப்பிட அடம் பிடிப்பாள், அந்த வீட்டைக் கேட்டு அழுவாள். நீங்கள் தோற்றுவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. அந்தச் சமயத்தில் அக்காவோடு போனில் பேச விடுங்கள். மகள் முழுதாக உங்களிடம் வந்த பிறகும் அவர்கள் மாதம் ஒரு முறை வந்து பார்க்கலாம் என்று உங்கள் மனுவில் இப்போதே எழுதுங்கள். இதை நீதிபதிக்காக மட்டும் சொல்லவில்லை, மகளுக்கு அது தேவை.

கீழ் நீதிமன்றத்தில் சாதகமாக வராவிட்டால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். குழந்தையின் பொறுப்பு பற்றிய ஆணை எதுவுமே கடைசியானதில்லை. சூழ்நிலை மாறினால் திரும்பவும் கேட்கலாம் என்று 1973இலேயே ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சந்திப்பு மட்டும் கிடைத்து முழுப் பொறுப்பு கிடைக்காமல் போனாலும், அந்தச் சந்திப்பை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

இதைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்கு இரண்டு வரி. குழந்தையை நீங்கள் உறவினரிடம் விடாமல், குழந்தைகள் நலக் குழு முன் ஒப்புவிப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் கணக்கே வேறு. மறுபரிசீலனை செய்ய 2 மாதம் அவகாசம். அதற்குள் அதே குழுவிடம் எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும். அதன்பின் குழந்தை தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கப்பட்டு, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணையும் வந்துவிட்டால் திரும்பப் பெறுவது ஏறக்குறைய முடியாது. தாயின் சம்மதமே இல்லாமல் நடந்திருந்தால் அது தனி. 2021இல் திருவனந்தபுரத்தில் ஓர் இளம் தாய்க்குத் தெரியாமல் போன குழந்தை, ஆந்திரத் தம்பதி ஒருவரிடம் தத்துக்கு முந்தைய வளர்ப்பில் இருந்தபோதும், மரபணுப் பரிசோதனைக்குப் பிறகு நீதிமன்றத்தின் வழியாக அவர் கைக்கு வந்தது. இன்னொரு வகை, அரசின் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்திடம் விடப்பட்ட குழந்தை. அதில் பெற்றவர் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கக் குழு அனுமதிக்கலாம், பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்ததும் திரும்பக் கேட்கலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே குழுவிடம்தான் மனு, நீதிமன்றத்தில் இல்லை.

கடைசியாக, தாய் சேய் நல அட்டை தொலைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பதிவு செய்த துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போய், உங்கள் பெயரும் பிரசவத் தேதியும் சொன்னால், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது அரசு கொடுத்த பிக்மி எண்ணைத் தேடி எடுத்துத் தருவார். கர்ப்பகாலப் பரிசோதனைகள், பிரசவம் நடந்த ஆஸ்பத்திரி, முதல் தடுப்பூசிகள் எல்லாம் அந்த எண்ணில் இருக்கின்றன. குழந்தை 5 மாதம் வரை யார் மடியில் இருந்தது என்பதற்கு அரசாங்கமே எழுதி வைத்திருக்கும் கணக்கு அது. சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகும் முன் அதை வாங்கிக்கொண்டு போங்கள்.